மக்குவின் பரீட்சை

கொம்மடிவிளை அரசு நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பில் அந்த வருடம் பதினோரு பிள்ளைகள். பன்னிரண்டாவதாக, ஜூன் மாதம் ஓர் அட்டைப் பெட்டியில் வந்து சேர்ந்தது மக்கு.

மக்கு என்பது பிள்ளைகள் வைத்த பெயர். அரசாங்கக் கடிதத்தில் அதற்குக் 'கற்கும் கருவி' என்று பெயர். டிபன் பாக்ஸ் அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. பார்க்க ஒரு கண்ணாடிக் கண், கேட்கவும் பேசவும் ஒரு சல்லடை. தமிழ் தெரியும். தமிழைத் தவிர உலகத்தில் வேறொன்றும் தெரியாது.

பிள்ளைகளுக்குப் பரீட்சை வைப்பதை அரசு நிறுத்தி ஆறு வருடம் ஆகிவிட்டது. எந்தக் கேள்விக்கும் பதில் சட்டைப்பையிலேயே கிடைக்கிற காலத்தில், பதிலை மனப்பாடம் செய்யவைத்து என்ன பிரயோஜனம் என்று யாரோ நல்ல மனிதர் யோசித்திருக்கிறார். அதனால் வகுப்புக்கு ஒரு வெற்றுக் கருவி. பிள்ளைகள் அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அடுத்தவருக்குப் புரியவைக்க வேண்டுமென்றால் முதலில் தனக்குப் புரிந்தாக வேண்டுமே. மார்ச் மாதம் பரீட்சை, கருவிக்கு மட்டும்.

ஜெசிந்தா டீச்சருக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. அவள் படித்த காலத்தில் புத்தகத்தைக் கமா, புள்ளி விடாமல் ஒப்பித்து மாவட்டத்தில் முதலாவதாக வந்தவள். அப்படி வந்ததை அவள் யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை.

முதல் வாரமே வம்பு தொடங்கியது. பள்ளியைச் சுற்றிலும் தேரி, செம்மணல் மேடுகள். அதில் நாற்பத்தொரு காற்றாலைகள். ஜன்னலோரம் உட்கார வைக்கப்பட்டிருந்த மக்கு ஒருநாள் தானாகவே வாயைத் திறந்தது.

"எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. அந்தப் பெரிய இறக்கைகள் சுற்றும்போது வேப்பமரம் ஆடுகிறது. அவை நின்றால் மரமும் நிற்கிறது. காற்றை உண்டாக்குவது அவைதான்."

அல்போன்ஸ் மேசைமேல் விழுந்து சிரித்தான். "லேய் மக்கு, காத்து அடிக்கதுனாலதாம்ல அது சுத்துது!"

"நீ பார்த்தாயா?"

"தெனமும் பாக்கேன்."

"நானும்தான் பார்க்கிறேன். இறக்கை சுற்றுகிறது, மரம் ஆடுகிறது. எது முதலில்?"

அல்போன்ஸ் ஜன்னல் வழியே காற்றாலையையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"உங்கள் தலைக்கு மேலே ஃபேன் சுற்றினால் காற்று வருகிறது. அது சின்னது. இது பெரியது. அவ்வளவுதானே?"

வகுப்பில் சிரிப்பு அடங்கிப்போனது. பதினேழு வருடமாகப் பாடம் நடத்தும் ஜெசிந்தாவுக்கே சட்டென்று ஒரு பதில் சிக்கவில்லை. அதை அவள் பிள்ளைகளிடம் மறைக்கவும் இல்லை. "எனக்கும் யோசிக்கணும்" என்றாள்.

முத்துப்பேச்சிக்கு இது மானப் பிரச்சினையாகிவிட்டது. மூன்று கிலோமீட்டர் நடந்து பள்ளிக்கு வருகிற பெண். எதையும் பாதியில் விடாதவள். காற்றாலைக் கம்பெனிக்காரர்கள் ஓர் ஆலையைப் பழுது பார்க்க நிறுத்தியிருந்த அன்று மக்குவைத் தூக்கிக்கொண்டு அதன் அடியில் போய் நின்றாள். "பாரு, றெக்க நிக்குது. பக்கத்துல மரம் ஆடுது." மக்கு நிதானமாகச் சொன்னது: "இது ஒன்று நிற்கிறது. மற்ற நாற்பதும் சுற்றுகின்றனவே." அவள் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள்.

மூன்று வாரம் போயிற்று. கடைசியில் உடைந்த பொம்மைக் காரிலிருந்து ஒரு சின்ன மோட்டாரைப் பிடுங்கி வந்தாள். அதில் தகர இறக்கையை மாட்டி, பேட்டரியில் இணைத்தாள். இறக்கை சுற்றியது. மக்குவின் முன் வைத்த காகிதத்துண்டு பறந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கடுகளவு பல்பை வைத்துக் கன்னம் உப்ப இறக்கையில் ஊதினாள். பல்பு மினுக்கென்று எரிந்தது.

"ஃபேனுக்குக் கரண்ட் உள்ள போவுது, காத்து வெளிய வருது. காத்தாலைக்குக் காத்து உள்ள போவுது, கரண்ட் வெளிய வருது. இப்பச் சொல்லு."

மக்கு, "ரெண்டும் ஒரே சாமான்தான். போற திசைதான் வேற" என்றது. பிள்ளைகளோடு பழகிப் பழகி அதற்கும் ஊர்ப் பேச்சு வந்துவிட்டிருந்தது.

ஜெசிந்தா இறக்கையைத் தன் விரலால் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். மின்மோட்டார் ஒரு பாடம், மின்னாக்கி ஒரு பாடம் என்று வருடாவருடம் இரண்டையும் நடத்தியிருக்கிறாள். இரண்டும் ஒன்று என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

ஆனால் பாடப்புத்தகம் அப்படியே கிடந்தது. பிப்ரவரி வந்தபோது மக்குவுக்குத் தெரிந்தவை கொஞ்சம்தான். தெரிந்ததை அது ஆழமாகத் தெரிந்து வைத்திருந்தது. தலைமையாசிரியர் தவசி, ஒரு சாயங்காலம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வருடா வருடம் மே மாதம் வீடு வீடாக ஏறி இறங்கி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க அலைகிறவர் அவர்.

"போன வருஷம் நம்ம கருவி எடுத்தது பதினாலு மார்க்கும்மா. ஐம்பதுக்கு இருபது வேணும். ரெண்டு வருஷம் தொடர்ந்து குறைஞ்சா ஆறு, ஏழு, எட்டு மூணு வகுப்பையும் டவுன் பள்ளிக்கூடத்தோட சேத்துருவாங்க. பதினாலு கிலோமீட்டர். நம்ம பொம்பளப் பிள்ளைகள்ல எத்தனை பேரு போவும்னு நெனைக்க?"

விரல் நகம் அளவில் ஒரு தகட்டை அவர் மேசைமேல் வைத்தார்.

"எட்டாம் வகுப்புப் பாடம் மொத்தமும் இதுல இருக்கு. டவுன்ல ஜூன் மாசமே சொருகிட்டாங்க. மாதிரித் தேர்வுல நாப்பத்தெட்டு மார்க் வருதாம். சொருகக்கூடாதுன்னு விதியில எங்கயும் போடல. நான் வற்புறுத்தல, ஜெசிந்தா. யோசி."

நான்கு மணிக்கு மணியடித்துப் பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். வகுப்பறையில் மக்குவின் பின்பக்கம் இருந்த சின்ன வாயருகே அவள் தகட்டைக் கொண்டுபோனாள்.

"என்ன டீச்சர் அது?"

"பாடம். முழுசும்."

"யாரு பாத்தது?"

"தெரியல" என்றாள் ஜெசிந்தா. கை அப்படியே நின்றுவிட்டது. தகட்டைப் பர்ஸில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் அதைப் பிள்ளைகள் முன்னால் மேசையில் வைத்து, ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். பள்ளி அவர்களுடையது. மக்கு அவர்கள் வளர்த்தது. தானாக முடிவெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"வேண்டாம் டீச்சர்" என்றான் அல்போன்ஸ். "அது கள்ளாட்டம்."

எல்லோரும் முத்துப்பேச்சியைப் பார்த்தார்கள். அவள்தான் முதலில் எதிர்ப்பாள் என்று ஜெசிந்தாவும் நினைத்திருந்தாள்.

"சொருவிருங்க டீச்சர்" என்றாள் முத்துப்பேச்சி. "எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்த மூடும்போது எங்க அக்கா ஆறாப்பு. டவுனுக்கு அனுப்ப மாட்டேன்னுட்டாரு எங்க அப்பா. நான் இங்க நடந்து வாரேன். இதையும் மூடுனா எம்பின்னால வாரதுக எல்லாம் வீட்டுலதான். ஒரு பெட்டிக்காக அதெல்லாம் போவணுமா?"

பெட்டிதான் பேசியது. "சொருவுனா எனக்கு என்ன ஆவும்? யாராவது பாத்திருக்கீயளா?"

ஒருவரும் பார்த்ததில்லை. பார்க்காத ஒன்றைப் பற்றி அந்த வகுப்பில் முடிவெடுப்பது வழக்கமில்லை.

வந்த சனிக்கிழமை பதினோரு பேரும் ஜெசிந்தாவும் மக்குவும் பஸ் ஏறி டவுன் பள்ளிக்குப் போனார்கள். அங்கே எட்டாம் வகுப்பு ஆசிரியர் ஸ்டீபன், அவளோடு பயிற்சிக் கல்லூரியில் படித்தவர். சிறப்பு வகுப்புக்கு வந்திருந்த பிள்ளைகளில் சஃப்ரீன் என்ற உயரமான பெண் பீரோவைத் திறந்து கருவியை எடுத்து வந்தாள். அதன்மேல் மெல்லிய தூசி படிந்திருந்தது.

"பீரோவுலயா வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள் முத்துப்பேச்சி.

"வெளிய வச்சு என்ன செய்ய? பரீட்சைக்கு எடுத்தாப் போதும்" என்றாள் சஃப்ரீன்.

முத்துப்பேச்சி அதன் முன்னால் குனிந்தாள். "காத்தாலை காத்த உண்டாக்குதா?"

"காற்றாலை என்பது காற்றின் இயக்க ஆற்றலை மின்னாற்றலாக மாற்றும் அமைப்பு ஆகும்." திருத்தமான, அழகான குரல்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எட்டாம் வகுப்பு அறிவியல், பக்கம் நூற்றுப் பன்னிரண்டு."

"ஃபேனும் காத்தாலையும் ஒரே சாமானா?"

"இக்கேள்வி பாடத்திட்டத்தில் இல்லை."

அவள் காத்திருந்தாள். அது பதிலுக்கு ஏதாவது கேட்கும் என்று காத்திருந்தாள். அது கேட்கவில்லை. மக்குவை அதற்கு எதிரே வைத்துப் பார்த்தார்கள். மக்கு கேள்விமேல் கேள்வியாகக் கேட்டது. அது பக்க எண்களைச் சொன்னது. பிறகு மக்குவும் ஓய்ந்துவிட்டது.

"ஏன் ஸ்டீபன் இப்படி?" என்றாள் ஜெசிந்தா.

"மொத நாள் ரொம்பப் பேசுச்சு. சொருவுன மூணாம் நாள் அடங்கிட்டு" என்றார் அவர். சங்கடத்தோடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உள்ள எங்கயாவது ஒரு எடம் காலியா இருந்தாத்தான் கேள்வி வரும் ஜெசி. நாங்க ஒரே நாள்ல எல்லா எடத்தையும் நெரப்பிட்டோம். பிள்ளைகளுக்கும் வேலையில்லாமப் போச்சு. பழையபடி நான் நோட்ஸ் குடுக்கேன், அதுக எழுதுது. மார்க் வருது. நான் என்ன சொல்ல?"

திரும்பும்போது பஸ்ஸில் முத்துப்பேச்சி ஜெசிந்தாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அது ஒண்ணுமே கேக்கல டீச்சர்."

"ஆமா."

"எங்க அக்காவும் இப்ப அப்படித்தான். முந்தி நச்சரிப்பா. அது ஏன், இது ஏன்னு. படிப்ப நிறுத்துன பொறவு எதையுமே கேக்க மாட்டா. சொன்ன வேலையச் செய்வா." ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சொருவ வேண்டாம் டீச்சர். ஆனா நான் பள்ளிக்கூடத்தையும் விட மாட்டேன்."

எப்படி என்று ஜெசிந்தா கேட்கவில்லை. அது அவளுக்கும் தெரியாது.

மார்ச் பத்தாம் தேதி காலை பத்து மணிக்குத் தேர்வாளர் வந்தார். அமுதவல்லி என்று பெயர். ஐம்பது வயதிருக்கும். கையில் கோப்பும் குடையும். அன்று இன்னும் இரண்டு பள்ளிகள் பார்க்க வேண்டியிருப்பதாகச் சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். கேள்விகளை வரிசையாக வாசித்தார். இருபது நிமிடத்தில் ஐம்பதும் முடிந்தன. பதினேழுக்கு மக்கு சரியான பதில் சொன்னது. மீதி முப்பத்து மூன்றுக்கும் ஒரே பதில்தான்: "தெரியாது. கண்டுபிடிக்கலாமா?"

தவசி வாசலில் நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"பதினேழு" என்று அமுதவல்லி கோப்பை மூடப் போனார். முத்துப்பேச்சி எழுந்து நின்றாள்.

"மேடம், மக்கு ஒங்ககிட்ட ஒண்ணு கேட்டுச்சு. நீங்க பதில் சொல்லலியே."

"என்ன கேட்டுச்சு?"

"கண்டுபிடிக்கலாமான்னு."

அமுதவல்லி அந்தப் பெட்டியைப் பார்த்தார். அறுபது எழுபது கருவிகளைச் சோதித்திருப்பார். எந்தக் கருவியும் அவரிடம் எதையும் கேட்டதில்லை. கோப்பின் பின்னால் ஒட்டியிருந்த விதிமுறைத் தாளை எடுத்து மேலிருந்து கீழாகப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"தேர்வு நேரம் ஒரு வேலை நாள்னுதான் போட்டிருக்கு. இருபது நிமிஷம்னு யாரும் எழுதல" என்றார் தனக்குள் பேசுகிறவர் போல. "பிள்ளைகள் விடையைச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. செய்துகாட்டலாம். சரி. நாலு மணி வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்." போனை எடுத்து, மற்ற இரண்டு பள்ளிகளுக்கும் நாளைக்கு வருவதாகச் சொன்னார்.

வகுப்பறை கலைந்து முற்றத்துக்குப் போயிற்று. முப்பத்து மூன்றில் எதை எடுப்பது என்பதற்கே அரைமணி நேரச் சண்டை. கடைசியில் நிழல் கேள்வியை எடுத்தார்கள். 'நண்பகலில் நேராக நட்ட குச்சியின் நிழல் எப்படி இருக்கும்?' ஒரு மீட்டர் கம்பை நட்டு, அல்போன்ஸ் நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு அது நேராக நிற்கிறதா என்று சரிபார்த்தான். கால்மணிக்கு ஒருமுறை நிழலின் நுனியில் கூழாங்கல் வைத்தார்கள். நிழல் குறைந்துகொண்டே வந்தது. பன்னிரண்டரை மணிக்கு ஆகக் குட்டையானது. பிறகு நீளத் தொடங்கியது. அப்படியானால் சூரியன் உச்சியில் நின்ற நேரம் அதுதான், நண்பகல்.

"ஒரு சாண் இருக்கு. வடக்க விழுது" என்றது மக்கு.

அமுதவல்லி விடைக்குறிப்பைப் பார்த்தார். "தப்பு. 'நண்பகலில் நிழல் விழாது.' அதான் விடை."

"விழுதே மேடம்!" என்று பதினோரு பேரும் கத்தினார்கள்.

"நான் குறிப்புல உள்ளபடிதான் போட முடியும்." அவர் பேனாவால் குறுக்குக் கோடு போட்டுவிட்டார். முத்துப்பேச்சியின் கண் கலங்கியது. ஜெசிந்தா அவள் தோளைத் தொட்டாள். "அடுத்தது எடு."

மதியச் சாப்பாட்டு வேளையில் உப்புத்தண்ணீரில் எது மிதக்கும் என்ற கேள்வியை எடுத்தார்கள். சத்துணவு முட்டை இரண்டைத் தின்னாமல் எடுத்துவைத்தார்கள். நல்ல தண்ணீரில் முட்டை மூழ்கியது. கை கையாக உப்பைக் கரைத்ததும் மேலே மிதந்து வந்தது. ஒன்று சரி. பிறகு வேப்பமரக் கிளையில் ஒரே நீளக் கயிறுகளில் சின்னக் கல்லும் பெரிய கல்லும் ஆடின. பெரியது மெதுவாக ஆடும் என்று பந்தயம் கட்டிய அல்போன்ஸ் தோற்றான். மக்கு எண்ணிப் பார்த்து இரண்டும் ஒன்றுபோல ஆடுவதாகச் சொன்னது. அதுவும் சரி. இரும்பு துருப்பிடிப்பதைப் பற்றிய கேள்விக்கு ஒரு நாள் போதவில்லை.

நான்கு மணி அடித்தது. பதினேழும் இரண்டும் பத்தொன்பது.

தவசி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். ஜெசிந்தாவுக்கு ஓடிப்போய் அந்தம்மாளின் காலைப் பிடிக்கலாமா என்றிருந்தது. பிள்ளைகள் எதிரில் அதைச் செய்ய முடியாது.

அமுதவல்லி கம்பு நட்டிருந்த இடத்துக்கு நடந்து போனார். கூழாங்கற்கள் வரிசையாகக் கிடந்தன. அவற்றில் கம்புக்கு ஆக நெருக்கமாக இருந்த கல்லின் அருகே குனிந்து, தன் கையை விரித்துச் சாண் வைத்துப் பார்த்தார்.

"ஒம்பது வருஷம் நான் டீச்சரா இருந்திருக்கேன்" என்றார் ஜெசிந்தாவிடம். "நண்பகல்ல நிழல் விழாதுன்னு ஒம்பது வருஷமும் போர்டுல எழுதிப் போட்டேன். ஒருநாள்கூட வெளிய வந்து பாக்கல." கோப்பை முழங்காலில் வைத்து, போட்ட குறுக்குக் கோட்டை அடித்துச் சரிக்குறி போட்டார். குறிப்புப் பகுதியில் எழுதினார்: 'விடைக்குறிப்பு தவறு. நேரில் பார்த்தேன்.' கீழே கையெழுத்திட்டுத் தேதி போட்டார்.

"இருபது" என்றார்.

பிள்ளைகள் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் மொத்தமாகக் கிளம்பிப் போயின.

ஏப்ரலில், மூன்று வகுப்புகளும் கொம்மடிவிளையிலேயே நடக்கும் என்று உத்தரவு வந்தது. நிழல் கேள்விக்கு விடையைத் திருத்தச் சொல்லி மாவட்டம் முழுக்கச் சுற்றறிக்கை போயிற்று. விளக்கம் கேட்டு அமுதவல்லிக்கும் ஒரு கடிதம் போனதாகத் தவசி சொன்னார். அவர் என்ன பதில் எழுதினார் என்று தெரியவில்லை.

அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை காலையில், பள்ளி வாசலில் பஸ் நின்று ஐந்து பிள்ளைகள் இறங்கினார்கள். முன்னால் சஃப்ரீன். அவள் கையில் துண்டில் சுற்றிய பெட்டி.

"ஸ்டீபன் சார்தான் போயிட்டு வரச் சொன்னாங்க" என்றாள். "இதைக் கேள்வி கேக்க வைக்க முடியுமா? எங்களுக்குத் தெரியல."

எல்லோரும் முத்துப்பேச்சியைப் பார்த்தார்கள். அவள் துண்டை அவிழ்த்துப் பெட்டியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். ஜெசிந்தாவும் ஆவலோடு எட்டிப் பார்த்தாள். என்ன செய்யப் போகிறாள் இவள்?

முத்துப்பேச்சி பெட்டியை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு சஃப்ரீனின் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அதுக்கு என்ன அவசரம்? ஒனக்கு என்ன தெரியாது? அதச் சொல்லு."

சஃப்ரீன் திகைத்தாள். வகுப்பில் எப்போதும் முதலில் பதில் சொல்கிற பெண். அவளிடம் இதை இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கூட வந்த நான்கு பேரையும் திரும்பிப் பார்த்தாள். துண்டின் நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்து, தப்பு செய்கிறவள் போல மெல்லிய குரலில் சொன்னாள்:

"மழை பேஞ்ச உடனே மண்ணுலேருந்து ஒரு வாசம் வருமில்ல... அது எங்கேருந்து வருது?"

"எனக்குத் தெரியாது" என்றான் அல்போன்ஸ் சந்தோஷமாக.

"எனக்குந்தான்" என்றாள் முத்துப்பேச்சி. "காஞ்ச மண்ணு எடுத்துட்டு வா லேய், தேரி மண்ணும் தோட்டத்து மண்ணும் தனித்தனியா."

என்றைக்கோ மனப்பாடம் செய்த ஒரு பதில் ஜெசிந்தாவின் நாக்கு நுனிவரை வந்தது. அவள் வாயை இறுக மூடிக்கொண்டு, வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.